பர்னாந்து யார் வீட்டுப் பெயர்?

(நாகூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

  இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பெயர். பர்னாந்து என்னும் பெயர். தூத்துக்குடிக் கடைப்பலகைகளில் அதைப் பார்க்கலாம். மணப்பாட்டுக் கல்லறைகளில் பார்க்கலாம். கடலைத் தாண்டினால் நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மேற்குக் கரையில் கோவாவிலும் மங்களூரிலும் அதன் உடன்பிறப்பு பெர்னாண்டஸ் என்று வழங்குகிறது. இது ஐரோப்பாவில் பிறந்த பெயர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைச் சுமக்கிறவர்கள் யார் என்பதில்தான் பிணக்கு. 'பர்னாந்து என்றால் பறங்கி வழி வந்தவர்' என்கிறார் ஒருவர். 'மதம் மாறியதற்குப் பெற்ற கூலி' என்கிறார் இன்னொருவர். இரண்டையும் நான் மறுக்கிறேன். ஒரு கடற்கரைச் சமுதாயம் தன் பிழைப்புக்கே ஆபத்து வந்த நாளில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அந்த உடன்பாட்டின் கையொப்பம்தான் இந்தப் பெயர். இதுவே என் வாதம். இதை நாகூரில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வாதத்துக்கான வலுவான சான்றுகளில் ஒன்று உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கிறது.

முதலில் அந்தப் பெயரின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். இன்றைய ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருக்கும் நிலத்துக்கு 5ஆம் நூற்றாண்டில் விசிகோத் என்னும் ஜெர்மானிய இனத்தார் வந்து ஆண்டார்கள். அவர்கள் மொழியில் பிறந்த பெயர் இது. பின்பாதிக்குத் துணிவு என்று பொருள் சொல்கிறார்கள். முன்பாதி பயணத்தைக் குறிக்கிறதா, சமாதானத்தைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பொருள் ஆராய்ச்சி இல்லை. அரசர்கள் அதைச் சூடிக்கொண்டார்கள் என்பதே நமக்கு வேண்டியது. 11ஆம் நூற்றாண்டில் லெயோனை ஆண்டவர் பெர்னாந்து. 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில் நகரையும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து கைப்பற்றிய காஸ்தீலிய அரசர் மூன்றாம் பெர்னாந்து. 14ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கல் அரியணையிலும் ஒரு பெர்னாந்து இருந்தார். அரசன் பெயரைப் பிள்ளைக்கு இடுவது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம்தானே? அப்படிப் பரவி, பெர்னாந்துவின் மகன் என்ற பொருளில் பெர்னாண்டஸ் என்னும் குடும்பப் பெயரும் உண்டாயிற்று. ஸ்பெயினில் அதுவே எர்னாந்தஸ் என்றும் ஒலி மாறியது. கப்பலில் உலகைச் சுற்றிவரக் கிளம்பிய மகெல்லனின் முதற்பெயரான பெர்னாவ் கூட இதன் குறுக்கமே.

இன்னொரு பெர்னாந்துவும் இருந்தார். 1195இல் லிஸ்பன் நகரில் பிறந்து, பெர்னாந்து என்றே திருமுழுக்குப் பெற்றவர். 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது அந்தப் பெயரை விட்டுவிட்டு அந்தோனி ஆனார். ஆம், உவரியிலும் நம் கரையோரத்து எத்தனையோ சிற்றூர்களிலும் செவ்வாய்க்கிழமை தோறும் மக்கள் தேடிப்போகிற பதுவை அந்தோனியார்தான் அவர். அப்படியானால் 'அந்தோனி பர்னாந்து' என்று பெயர் கொண்ட ஒரு கடற்கரைத் தமிழர், ஒரே மனிதரின் துறவுப் பெயரையும் பிறவிப் பெயரையும் சேர்த்தே சுமக்கிறார். ஐரோப்பாவில் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடிந்தது. நம் கரையில் இரண்டும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன.

சரி, அது இங்கே வந்தது எப்படி? அதற்குப் போர்த்துக்கீசரைக் காட்டிலும் முத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் பரதவர்கள். முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் குத்தகையிலும் வாணிகத்திலும் கை ஓங்கியிருந்தவர்கள் காயல் பகுதி முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள். மூழ்குகிறவருக்கும் குத்தகை பிடிக்கிறவருக்கும் இடையே எந்தத் தொழிலிலும் உரசல் வரும். 1530களில் அந்த உரசல் கைகலப்பாக, கொலையாக முற்றியது. அப்போது கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த குதிரை வணிகர் ஒருவர் குறுக்கே வந்தார். 1513இல் லிஸ்பனில் திருமுழுக்குப் பெற்று ஜோவாவ் த குரூஸ் என்று பெயர் கொண்டவர் அவர். கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசரிடம் பாதுகாப்புக் கேளுங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள் என்று பரதவர் தலைவர்களுக்கு யோசனை சொன்னார். தலைவர்கள் கூடி முடிவு செய்தார்கள். தூதுக் குழு கொச்சிக்குச் சென்றது. 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் நடந்த கடற்போரில் மார்த்திம் அபோன்சோ த சூசாவின் படை மரைக்காயர் படையைத் தோற்கடித்தது. குத்தகை கை மாறிற்று. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொழில் ஆபத்து. பிறகு தலைவர்களின் கூட்டம். பிறகு தூது. அதன் பிறகுதான் தீர்த்தமும் பெயரும்.

இதை நான் நாகூரில் சொல்லும்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு: பரதவருக்கும் மரைக்காயருக்கும் பழம்பகை என்று கிளறவா வந்தீர்? இல்லை. அது மதங்களின் சண்டையாகத் தொடங்கவில்லை. பங்குச் சண்டையாகத் தொடங்கியது. அதற்கு மதச் சாயம் பூசியதில் போர்த்துக்கீசரின் பழைய நினைவுக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கள் நாட்டில் நூற்றாண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்ட முஸ்லிம்களை அவர்கள் 'மூர்' என்று அழைத்தார்கள். இங்கே வந்து காயலிலும் கொழும்பிலும் தொழுகை நடத்தியவர்களைக் கண்டதும் அதே பெயரை ஒட்டினார்கள். இலங்கையில் சோனகர்கள் அரசாங்கக் குடிமதிப்பில் இன்றுவரை 'மூர்' என்றே எழுதப்படுகிறார்கள். பெர்னாந்து என்ற பெயரைக் கொண்டுவந்த அதே கப்பல்தான் மூர் என்ற பெயரையும் இறக்கிவிட்டுப் போயிற்று. ஒரு கடற்கரையின் இரு சமுதாயங்களுக்கும் ஐரோப்பா பெயர் வைத்தது. மொராக்கோவோடு இரத்த உறவு இருப்பதால் கொழும்புச் சோனகர் மூர் ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். லிஸ்பனோடு இரத்த உறவு இருப்பதால்தான் தூத்துக்குடிக்காரர் பர்னாந்து ஆனார் என்று மட்டும் ஏன் நினைக்க வேண்டும்?

திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயரும், புனிதர்களின் பெயரும், போர்த்துக்கலில் புழங்கிய பெயர்களும் ஊர்களுக்குள் வந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், வாஸ், மோத்தா, கொரேரா, கர்வாலோ, மச்சாது, மிராண்டா, ரோச் என்று அந்த வரிசை நீளும். வந்த பெயர்கள் எவ்வளவு விரைவில் தமிழர் கையில் வேலை செய்யத் தொடங்கின என்பதற்கு ஒரு சான்று போதும். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சானது. தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல். அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் ஆகிய மூவர். பெயரைக் கேட்டால் மூன்று பறங்கியர் என்று தோன்றும். மூவரும் நம் நாட்டவர். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அந்த அச்சுப் பணிக்குப் பொருள் கொடுத்தவர்கள் பரதவர்கள். பெயர் போர்த்துக்கலிலிருந்து வந்தது, உண்மை. அந்தப் பெயரோடு எழுதிய எழுத்து தமிழ். கொடுத்த காசு முத்துக்காசு.

இப்போது நாகூருக்கு வருகிறேன். அருகில் இருப்பதாலேயே பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உங்கள் கரையைப் பார்க்கட்டும். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டிலிருந்து 1658 வரை இருந்தார்கள். வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், குடும்பம் நடத்தினார்கள். பிரான்சிஸ் சவேரியாரே 1545இல் நாகப்பட்டினத்துக்கு வந்து தங்கினார். பிறகு டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை இருந்தார்கள், 123 ஆண்டுகள்! 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையே இங்கு மாற்றினார்கள். ஆக, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஐரோப்பிய வாசம். ஆனால் நாகூர்ப் பட்டினச்சேரியிலோ, அக்கரைப்பேட்டையிலோ, கீச்சாங்குப்பத்திலோ பட்டினவர் சமுதாயத்தில் பர்னாந்து என்னும் வீட்டுப் பெயர் வேரூன்றியதா? இல்லை. ஏன் இல்லை? அதே கடல், அதே வலை, அதே பறங்கிக் கப்பல். இல்லாதது ஒன்றுதான்: முத்துச் சலாபம். இங்கே பறிபோகும் குத்தகை இல்லை. எனவே தூது அனுப்பும் தேவை இல்லை. எனவே ஊரோடு பெறும் ஞானஸ்நானமும் இல்லை. அருகாமை பெயரைத் தரவில்லை. உடன்பாடு நடந்த இடத்தில் பெயர் வந்தது. நடக்காத இடத்தில் வரவில்லை.

தெற்கே தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1658இல் அங்கும் டச்சுக்காரர் வந்தார்கள். இடையிடையே விட்டுவிட்டாலும் 1825இல்தான் முற்றாகப் போனார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்க முயன்றார்கள். 1672இல் நூல் வெளியிட்ட டச்சுப் போதகர் பிலிப்பஸ் பால்தேயுஸ், இவர்கள் கத்தோலிக்கத்தை விட மறுத்ததை எழுதிவைத்திருக்கிறார். ஆளுகிறவன் பெயரை அடிமை மனத்தால் ஏற்பவர்களாக இருந்தால், பரதவர் அப்போது டச்சுப் பெயருக்குத் தாவியிருக்க வேண்டாமா? தோற்றுப்போன போர்த்துக்கீசனின் பெயரை எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? காரணம், அதற்குள் அது போர்த்துக்கீசனின் பெயராக இல்லை, அவர்களுடையதாகிவிட்டது. இப்படி வடக்கே திரும்பித் தரங்கம்பாடியைப் பாருங்கள். 1620 முதல் 1845 வரை டேனியர் கொடி. 1706இல் லூத்தரன் போதகர் சீகன்பால்கு வந்து இறங்கினார். அந்தச் சபையில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழரின் பெயர் ஆரோன்; வேதாகமப் பெயர். கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வேதநாயகமாகவே வாழ்ந்தார். டேனியக் குடும்பப் பெயரோ ஜெர்மன் குடும்பப் பெயரோ அங்கே தமிழ் வீடுகளில் நிலைக்கவில்லை.

கத்தோலிக்கம் என்றாலே போர்த்துக்கீசப் பெயர்தான் என்பதும் சரியில்லை. மதுரைக்குப் போவோம். அங்கே 1595 முதல் பணியாற்றிய சேசு சபைத் துறவியின் பெயரே கொன்சாலோ பெர்னாண்டஸ். முன்பு போர்வீரராக இருந்தவர், அசல் போர்த்துக்கீசர். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களுக்குக் குருவாக இருந்தார். உள்ளூர் மக்களிடையே அவரால் சபை வளர்க்க முடியவில்லை. 1606இல் இத்தாலியரான தெ நோபிலி வந்தார். கிறித்தவராவதற்குப் பறங்கியாக வேண்டியதில்லை என்றார், காவி உடுத்தினார், தத்துவ போதகர் ஆனார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் திருத்தந்தை நோபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பின் பலனை நம் தஞ்சைத் தரணியில் இன்றும் கேட்கலாம். ஞானப்பிரகாசம், அருளானந்தம், இராயப்பன், சின்னப்பன், சூசை, அடைக்கலம் என்று காவிரிக் கரைக் கத்தோலிக்கர் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கை ஒன்றுதான், ஆனால் கடற்கரையில் பர்னாந்து, வயற்கரையில் அருளானந்தம். பெயரை முடிவு செய்தது மதம் இல்லை. அந்த மதம் எந்த வாசல் வழியாக, யார் யாரோடு பேசி, ஊருக்குள் வந்தது என்பதே முடிவு செய்தது.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். 'கலப்பே இல்லையா? நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசக் குடியிருப்பில் உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்கள் இருந்தார்களே?' இருந்தார்கள். நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் துறைமுகக் கோட்டையைச் சுற்றி வாழ்ந்த சிறு தொகையினர். 1658க்குப் பிறகு பலர் இடம்பெயர்ந்தார்கள். வேம்பார் முதல் மணப்பாடு வரை ஏழு கடற்றுறைகளிலும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஒரே தலைமுறையில் பெற்ற பெயரை அந்தக் கலப்பைக் கொண்டு விளக்க முடியுமா? கணக்கு ஒத்துவராது. பரதவருக்குள்ளே வில்லவராயர், பூபாலராயர் என்ற தமிழ்ப் பட்டங்களும் அதே குடும்பங்களிடையே தொடர்ந்தன. சாதித் தலைவர் என்ற மரபும் பாண்டியபதி என்ற பெருமையும் தொடர்ந்தன. வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூலில், கிறித்தவம் பரதவரின் சமுதாயக் கட்டமைப்பைக் கலைக்கவில்லை, மேலும் இறுக்கியது என்று காட்டுகிறார். இரத்தம் கலந்து உருவான கூட்டம் அப்படி இறுகி நிற்காது. இன்னொரு குறிப்பும் சேர்க்கலாம்: போர்த்துக்கலில் குடும்பப் பெயராகப் பெரிதும் வழங்குவது பெர்னாண்டஸ், நம் கரையிலும் இலங்கையிலும் நின்றது பர்னாந்து என்னும் முதற்பெயர் வடிவம். தந்தையின் பெயரையே பிள்ளையின் அடையாளமாக வைக்கும் நம் வழக்கம் இதில் வேலை செய்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் என்றுதான் சொல்கிறேன். ஏனெனில் ஒரே மனிதரைத் தமிழில் பர்னாந்து என்றும் ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ் என்றும் எழுதுகிற வழக்கமும் அங்கே உண்டு. அந்த ஒரு சான்றின் மேல் முழு வீட்டையும் கட்டமாட்டேன்.

'எப்படி வந்தாலும் அது அந்நிய ஆட்சியின் வடு, உதறிவிட வேண்டாமா?' என்பது அடுத்த கேள்வி. இதை நான் மதிக்கிறேன். இலங்கையில் பலர் உதறினார்கள். டொன் டேவிட் ஹேவாவிதாரண என்று 1864இல் பிறந்தவர் அநகாரிக தர்மபாலர் ஆனார். யூஸ்டஸ் ரெஜினால்ட் த சில்வா என்று பிறந்தவர் எதிரிவீர சரச்சந்திரவாகி, 1956இல் 'மனமே' நாடகத்தைத் தந்தார். ஆல்பர்ட் பெரேரா என்று பிறந்தவர்தான் இசைமேதை அமரதேவ. விட்டது அவர்கள் உரிமை. ஆனால் விடாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். நீர்கொழும்பு, சிலாபம் கரையில் ஒருவர் தம் முழுப் பெயரை எழுதினால் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிகிந்துகுலசூரிய என்று குலப்பெயர் முன்னே நிற்கும்; பர்னாந்து கடைசியில் வரும். பழைய குலப்பெயரை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்த பெயராக இருந்தால் இப்படி இரண்டும் அருகருகே நிற்குமா? அங்கே பர்னாந்துகளில் கத்தோலிக்கரும் உண்டு, பௌத்தரும் உண்டு, சிங்களம் பேசுபவரும் உண்டு, தமிழ் பேசுபவரும் உண்டு. மதமும் மொழியும் மாறிய பிறகும் பெயர் நின்றது என்றால், அது எதையோ காத்துவைக்கத்தான் நின்றது.

ஒரு பெயரின் மதிப்பு அதன் பிறப்பிடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. சுமந்தவர்கள் செய்ததிலிருந்தும் வருகிறது. தூத்துக்குடியில் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்தார். கடலோரம் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊருக்கு, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை 1927இல் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். கொற்றவன் பெர்னாந்து செவில் நகரைப் பிடித்ததற்காக ஸ்பெயின்காரர் அந்தப் பெயரை நினைக்கட்டும். தூத்துக்குடியில் அந்தப் பெயரைச் சொன்னால் குழாயில் வந்த தண்ணீர் நினைவுக்கு வரும். மங்களூரில் 1930இல் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் பம்பாய்த் தொழிலாளர்களைத் திரட்டியவர். அவசரநிலைக் காலத்தில் சிறையிலிருந்தபடியே 1977 தேர்தலில் முசாபர்பூரில் வென்றவர். பரதவர் வாழ்வை எழுத்தில் ஏற்றிய ஜோ டி குரூஸ், 'கொற்கை' நாவலுக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். 1513இல் லிஸ்பனில் ஒரு கள்ளிக்கோட்டை வணிகருக்குக் கிடைத்த அந்தக் குரூஸ் என்ற பெயர், 500 ஆண்டுக்குப் பிறகு கொற்கைத் துறையின் கதையைத் தமிழில் சொன்னது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இங்கே இருக்கும் மாணவர்களுக்கு. கடற்கரைப் பங்குகளில் உள்ள திருமுழுக்குப் பதிவேடுகளைப் படிக்க வேண்டும். அதோடு நிறுத்தக் கூடாது. டச்சுக்காரர் முத்துக்குளிப்புக்கு வைத்த கணக்குகளில் எத்தனை கல் கிறித்தவருக்கு, எத்தனை கல் முஸ்லிம்களுக்கு என்று பங்கு பிரித்து எழுதினார்கள். கல் என்பது மூழ்காளி கடலுக்குள் இறங்கக் காலில் மாட்டும் கல். அதுவே பங்கின் அளவாகவும் இருந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. கணக்கில் பிழைப்பு இருக்கிறது. பரதவர் வீட்டுப் பிள்ளை பதிவேட்டையும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை முத்துக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து, பெயருக்குப் பெயர், கல்லுக்குக் கல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டச்சு மொழியும் போர்த்துக்கீசமும் படித்தால்தான் அது முடியும். படியுங்கள். அந்த வேலையை நாகூரிலிருந்தே தொடங்கலாம்.